கடிதத்துக்குக் காத்திருக்கும் வீடுகள்

வெள்ளிக்கிழமை என்றதும் நம்மவர் வீடுகளிலே கோயிலும் விரதமும் நினைவுக்கு வருவது வழக்கம். பட்டம் பெற்றும் தொழில் பெறாத பிள்ளை ஒருவர் இருக்கும் வீட்டிலே அன்றைக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அதுதான் அரசாங்க வர்த்தமானி. வாரந்தோறும் அந்நாளிலே வெளியாகும் அதன் வெற்றிடப் பகுதியை, முன்னர் நூல்நிலையத்திலே முண்டியடித்துக்கொண்டு வாசித்தார்கள். இப்பொழுது கைத்தொலைபேசியிலே விரலால் தள்ளித் தள்ளி வாசிக்கின்றார்கள்.

வாசித்தால் மட்டும் போதுமா? கிராம உத்தியோகத்தரிடம் நற்சான்றிதழ் பெறவேண்டும். அதற்குப் பிரதேச செயலகத்திலே மேலொப்பம் வேண்டும். சான்றிதழ்ப் பிரதிகளை உறுதிப்படுத்த ஒரு சமாதான நீதவானைத் தேடவேண்டும். கடித உறையின் இடப்பக்க மேல் மூலையிலே பதவியின் பெயரைப் பிழையின்றி எழுதிப் பதிவுத் தபாலிலே சேர்க்கவேண்டும். இவ்வளவுக்கும் பணம் வேண்டுமன்றோ? உழைக்காத பிள்ளை அதனைத் தாயிடமே கேட்கவேண்டும். இருபத்தெட்டு வயதிலே முத்திரைக் காசுக்குக் கைநீட்டும் பிள்ளையின் கூச்சத்தைப் பொருளாதார நூல்கள் எதிலும் நாம் வாசித்ததில்லை.

கோயிற் றிருவிழாவுக்குப் போனால், "தம்பிக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லையோ?" என்று கேட்கின்றார்கள். கேட்பவர் அன்பினாலேயே கேட்கின்றார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீதி சுற்றி வருவதற்குள் பதினைந்து பேர் அன்பாகக் கேட்டால், பதினாறாமவர் எதிர்ப்படுமுன் வீட்டுக்குத் திரும்பிவிடவே எவருக்கும் தோன்றும். பெண்பிள்ளையாயின் வேறுவிதம். "அதற்கிடையில் ஒரு சம்பந்தம் பார்த்தால் என்ன?" என்பார்கள், நான்கு ஆண்டுக் கல்வி பொழுதுபோக்குக்காகச் செய்த தையல்வேலை போல.

ஏன் எல்லோரும் அரசாங்க உத்தியோகத்தையே நாடுகின்றார்கள் என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே; விடையோ பழையது. ஆங்கிலேயர் காலத்திலே யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பாடசாலைகள் இலிகிதர்களையும் புகையிரத நிலைய அதிபர்களையும் ஆக்கி, கொழும்புக்கும் மலாயாவுக்கும் அனுப்பின. மாதச் சம்பளமும் முதுமையிலே ஓய்வூதியமும் வீட்டைக் காத்தன. "கோழி மேய்த்தாலும் கோறணமெந்திலே மேய்க்கவேண்டும்" என்ற பழமொழி அந்தச் செழிப்பிலே பிறந்ததுதான். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அந்த வாயிலை ஒடுக்கியது. சிங்களத் தேர்ச்சி இன்மையாற் பதவியுயர்வு இழந்தோரும் முன்கூட்டியே விலகியோரும் பலர். வாயில் ஒடுங்கியதே தவிர, பழமொழி ஒடுங்கவில்லை. வலிகாமத்துச் செம்மண்ணிலே தகப்பனுடன் வெங்காயத்துக்கு நீர் இறைக்கும் பட்டதாரியைப் பார்த்து, "படித்தும் தோட்டந்தானோ?" என்று இரங்குவோர் இன்றும் இருக்கின்றனர். அந்தத் தோட்டத்து வருமானத்திலேதான் அவர் படித்தார் என்பது அவர்களுக்கு மறந்துபோகின்றது.

இது நம் பிரதேசத்துக்கு மட்டும் உரிய நோயன்று. 1971ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் தென்னிலங்கையிலே கிளர்ந்தெழுந்தோரிற் பெரும்பாலோர் படித்த கிராமத்து இளைஞரே. அதே ஆண்டிலே பேராசிரியர் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் தூதுக்குழு, கல்வி வளர்த்துவிட்ட எதிர்பார்ப்பும் நாட்டிலுள்ள தொழில்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை எடுத்துக்காட்டியது. புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை மதிப்பீடுகளும் அன்றுதொட்டு இந்த முரணையே காட்டி வந்திருக்கின்றன. குறைவாகப் படித்தோரிடையே வேலையின்மை குறைவு, க.பொ.த. உயர்தரமும் அதற்கு மேலும் சித்தியடைந்தோரிடையே அதிகம். பெண்களிடையே இன்னும் அதிகம். அம்மதிப்பீட்டின் விதி ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். குறித்த வாரத்திலே ஒரு மணித்தியாலமாவது ஊதியத்துக்கு வேலை செய்தவர் தொழிலுள்ளவராகவே எண்ணப்படுவார். அடுத்த வீட்டுச் சிறுவனுக்கு ஒருநாட் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காசு பெற்ற பட்டதாரி, அரசாங்கத்தின் கணக்கிலே வேலையற்றவர் அல்லர்!

இனி, இளைஞரின் சினத்துக்கு வருவோம். அது வறுமையினால் மட்டும் வருவது என்று பெரியோர் பலர் எண்ணுகின்றனர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எம்மிடம் கற்றுப் பல்கலைக்கழகஞ் சென்று கலைப்பட்டம் பெற்ற மாணவர் ஒருவர் ஒருநாட் சொன்னார்: "சேர், வேலை இல்லை என்று சொன்னாற் பொறுக்கலாம். இருக்கிறது, ஆனால் யாருக்கு, எப்போது என்று சொல்லமாட்டோம் என்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை."

இச்சொல்லுக்கு ஐம்பது ஆண்டுச் சரித்திரம் சான்று. 1970ஆம் ஆண்டுக்குப் பிந்திய ஆட்சியிலே வேலைக்குப் போகுமுன் பாராளுமன்ற உறுப்பினரின் 'துண்டு' வேண்டும் என்பது ஊரறிந்த வழக்கமாயிற்று. 1977இல் ஆட்சி மாறியபின் 'தொழில் வங்கி' என்று ஒரு திட்டம் வந்தது. அதன்படி ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஆயிரம் விண்ணப்பப் பத்திரங்கள் கொடுக்கப்பட்டன, அவர் தம் தொகுதியிலே பகிர்ந்தளிப்பதற்கு. துண்டு போய்ப் படிவம் வந்தது, அவ்வளவே. பத்திரம் கிடையாதவன் யாரிடம் முறையிடுவான்? தென்னிலங்கையின் இரண்டாவது கிளர்ச்சி அடங்கியபின் 1990இலே அறிக்கை சமர்ப்பித்த இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு, நியமனங்களிலே அரசியல் தலையிட்டமையை இளைஞர் மனக்கசப்பின் முக்கிய காரணங்களுள் ஒன்றாக எழுதிவைத்தது. அவ்வறிக்கை நூல்நிலையங்களிலே இருக்கின்றது. மாணவர்கள் எடுத்துப் படிக்கலாம்.

2017ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துப் பட்டதாரிகள் மாவட்டச் செயலகத்தின் முன்னே பந்தலிட்டு மாதக்கணக்கில் இருந்தார்கள். 2020இலே பட்டதாரிகளுக்குப் பயிலுநர் நியமனம் என்று அறிவிப்பு வந்தது. கடிதமும் வந்தது, ஆனாற் பொதுத்தேர்தல் குறுக்கிட்டமையாலே தேர்தல் ஆணைக்குழு அதனை நிறுத்திவைத்தது. தேர்தல் முடிந்தபின் மாதம் இருபதினாயிரம் ரூபா படியோடு ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். பலருக்கு மேசையும் இல்லை, செய்வதற்கு வேலையும் இல்லை. 2022இலே நாடு கடன் கட்டமுடியாமல் வீழ்ந்தபோது அரசு புதிய ஆட்சேர்ப்பை இறுக்கிக்கொண்டது. 2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையே 2022 பெப்ரவரியிலேதான் நடைபெற்றது என்பதையும் எண்ணிப்பாருங்கள். பரீட்சைக்கும் காத்திருப்பு, பல்கலைக்கழக அனுமதிக்கும் காத்திருப்பு, பட்டத்தின் பின் தொழிலுக்கும் காத்திருப்பு. இவ்வாறு முப்பது வயது வந்துவிடுகின்றது. வடக்குக் கிழக்குப் பாடசாலைகளிலே 'தொண்டர் ஆசிரியர்' என்ற பெயரோடு, நிரந்தர நியமனம் என்றாவது வருமென்று, சம்பளம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமின்றி ஆண்டுக்கணக்காகக் கற்பித்த பெண்களை நாம் நேரிலே கண்டிருக்கின்றோம். அவர்களின் வகுப்பிலே படித்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள்.

மேற்சொன்ன மாணவருடைய பரீட்சை முடிவு 2020ஆம் ஆண்டுத் திட்டத்துக்குப் பிந்திவிட்டது. பின்பு ஒரு நேர்முகப் பரீட்சைக்காக இரவு பஸ்ஸிலே ஏறி, நானூறு கிலோமீற்றர் கடந்து கொழும்புக்குப் போனார். பத்து நிமிடம் கேள்வி. முடிவு இன்றுவரை வரவில்லை. ஆயினும் அவ்வீட்டிலே பெரும் பூசல் எழுந்தது அதனாலன்று. அரசியல்வாதி ஒருவரிடம் கடிதம் வாங்கலாம் என்று தகப்பனார் புறப்பட்டதே காரணம். "தகுதிக்குத் தரவேண்டியதைக் கெஞ்சி வாங்கமாட்டேன்" என்றார் மகன். "கொள்கை சோறு போடுமோ?" என்றார் தந்தை. இருவாரம் ஒருவரோடொருவர் பேசவில்லை. தாயார் எம்மிடம் வந்து, மகனுக்குப் புத்தி சொல்லும்படி கேட்டார். மகன் சொல்வதே சரியென்று நாம் கூறியபோது அவர் முகம் வாடியதைக் கண்டோம். எனினும் வேறு சொல்ல எம்மால் இயலவில்லை.

வெற்றிடம் எத்தனை, விண்ணப்பித்தோர் எத்தனை பேர், ஒவ்வொருவரும் பெற்ற புள்ளி என்ன, நியமனத் திகதி எது என்னும் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கச்சேரி வாயிலிலே ஒட்டுவதற்குத் திறைசேரியிலே பணம் தேவையில்லை. வேலை பத்துப் பேருக்கே இருக்கலாம். பதினோராமவர் தம் பெயர் எங்கே நிற்கின்றது என்று கண்டால், மறுநாளே வேறு வழி பார்ப்பார்.

தகப்பனார் மகனுக்குத் தெரியாமற் போய் மனுவைக் கொடுத்தே வந்தார். அதனை வாங்கிய செயலாளர் ஒரு கட்டின் மேல் வைத்துவிட்டு, "தேர்தல் முடியட்டும், பார்ப்போம்" என்றாராம். மகன் இப்பொழுது பட்டணத்திலே கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றிலே நாட்சம்பளத்துக்கு நிற்கின்றார். கைவேலை நன்றாகப் பிடிபட்டுவிட்டது என்று கடைக்காரர் சொல்கின்றார். அயலவர் கேட்டாற் "கம்பெனியிலே" என்கின்றார் தாயார். அரச விண்ணப்பங்களிலே வழக்கமாகக் காணும் முப்பத்தைந்து வயதெல்லைக்கு அவருக்கு இன்னும் நான்கு ஆண்டு இருக்கின்றது.