‘கிளட்ச் போயிடுச்சு’ன்னு மெக்கானிக் சொல்றாரா? கியர்பாக்ஸை இறக்கும் முன் நீங்களே செய்து பார்க்க வேண்டிய சோதனைகள்

கார் மேடு ஏறவில்லை, கியர் விழவில்லை, ரிவர்ஸ் போட்டால் ‘கர்ர்ர்’ என்று சத்தம். எந்தப் புகாரோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் பல இடங்களில் ஒரே பதில்தான்: “கிளட்ச் போயிடுச்சு சார், கியர்பாக்ஸை இறக்கணும்.” இந்த ‘போயிடுச்சு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் சில, ஒரு நட்டைத் திருகினால் சரியாகிவிடும். சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை, ஸ்பேனர் தொடாமலே, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். எப்படி?

உள்ளே என்ன நடக்கிறது?

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் ஃப்ளைவீல். அதன் மேல் ஒட்டி நிற்பது கிளட்ச் பிளேட். இது கியர்பாக்ஸோடு இணைந்தது. இந்தப் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது பிரஷர் பிளேட். நீங்கள் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் போய் பிரஷர் பிளேட்டின் நடுவே உள்ள ஸ்பிரிங்கைத் தள்ளுகிறது. பிடி விடுகிறது. எஞ்சின் தனியாகவும், கியர்பாக்ஸ் தனியாகவும் பிரிகின்றன. அந்த இடைவெளியில்தான் கியர் மாற்றுகிறோம்.

ஆக, கிளட்ச்சுக்கு இரண்டே வேலைதான். மிதித்தால் முழுசா விடணும். விட்டால் முழுசா பிடிக்கணும். பிடிக்கவில்லை என்றால் ஒரு வகை நோய், விடவில்லை என்றால் வேறு வகை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத செலவு வருகிறது.

முதலில் கால்மிதியைப் பாருங்க

சிரிக்காதீங்க. கியர் சரியாக விழவில்லை என்று வரும் கார்களில், பெடலுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் மேட்தான் காரணமாக இருப்பதுண்டு. கம்பெனி மேட்டுக்கு மேல் ஒரு ரப்பர் மேட், அதற்கு மேல் தடிமனான இன்னொரு மேட் என்று போட்டிருப்போம். பெடல் கடைசி வரை இறங்காது. கிளட்ச் முழுசாகப் பிரியாது. மேட்டை எல்லாம் எடுத்துப் பின்சீட்டில் போட்டுவிட்டு, பெடலைத் தரை வரைக்கும் மிதித்து, ஒருமுறை கியர் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பாட்டில் உருண்டு வந்து மாட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

கியர் விழவில்லையா? எஞ்சினை அணைத்துப் பாருங்கள்

இதுதான் இருப்பதிலேயே எளிமையான, அதிகம் சொல்லித் தரும் சோதனை. எஞ்சினை அணைத்துவிட்டு, சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்ச்சை மிதித்து எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள்.

எஞ்சின் அணைந்திருக்கும்போது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை என்று அர்த்தம். இரண்டு நிலையிலும் முரண்டு பிடித்தால் கிளட்ச்சின் மேல் பழி போடாதீர்கள். கியர் லிவரில் இருந்து கியர்பாக்ஸ் வரை போகும் கேபிள் அல்லது லிங்கேஜ், அதன் புஷ், அல்லது கியர்பாக்ஸின் உள்பகுதிதான் சந்தேகத்துக்குரியவை. இதில் லிங்கேஜ் புஷ் தேய்ந்திருந்தால் லிவர் தொளதொள என்று ஆடும். கியர்பாக்ஸை இறக்காமலே மாற்றக்கூடிய சின்ன பார்ட் அது.

கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை என்று சந்தேகம் வந்தால், ரிவர்ஸ் கியர் உறுதி செய்துவிடும். எஞ்சின் ஐடிலில் ஓட, நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சை முழுசாக மிதித்து, மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குள் கியர்பாக்ஸின் உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ஷாஃப்ட் நின்றிருக்க வேண்டும். இப்போது ரிவர்ஸ் போட்டால் அமைதியாக விழணும். அப்போதும் ‘கர்ர்ர்’ என்றால் கிளட்ச் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஐந்து எண்ணிய பிறகு சத்தமே இல்லை என்றால் கோளாறு காரில் இல்லை, நம் அவசரத்தில்தான். பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு மற்ற கியர்களுக்கு இருப்பது போன்ற சிங்க்ரோ அமைப்பு கிடையாது. அதனால் உடனே போட்டால் உரசும்.

ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தமா?

அப்படியென்றால் கிளட்ச் பெரும்பாலும் குற்றவாளி இல்லை. கிளட்ச் பிரியவில்லை என்றால் எல்லா கியரும் சேர்ந்துதான் அடம்பிடிக்கும். மூன்றில் இருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் உரசுகிறது, மற்றவை சரியாக இருக்கின்றன என்றால், அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை உரசி உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவதுதான் அந்த வளையத்தின் வேலை.

ஆனா கியர்பாக்ஸைப் பிரிப்பதற்கு முன் கியர் ஆயிலைப் பாருங்கள். எஞ்சின் ஆயிலை நினைவு வைத்து மாற்றுகிறவர்கள்கூட கியர் ஆயில் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். அளவு குறைந்திருந்தாலோ, மேனுவலில் சொன்னது அல்லாத வேறு தரத்தில் ஊற்றியிருந்தாலோ கியர் சரியாக விழாது. பழைய ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் மாவு போல மெல்லிய இரும்புத் தூள் ஒட்டியிருப்பது சகஜம். விரலில் குத்துகிற சில்லுகள் வந்தால்தான் கவலைப்படணும்.

காலையில் முதல் கியர் கொஞ்சம் இறுக்கமாக இருந்து, சில கிலோமீட்டர் ஓடியதும் சரியாகிவிடுகிறதா? குளிரில் ஆயில் கெட்டியாக இருப்பதால் வருவது அது. விட்டுவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளி வருகிறது என்றால் விடக்கூடாது. எஞ்சின் மவுண்ட் உடைந்திருப்பது, லிங்கேஜ் அட்ஜஸ்ட்மென்ட் தவறியிருப்பது, உள்ளே கியரின் பற்கள் தேய்ந்திருப்பது என மூன்றுமே காரணமாக இருக்கலாம். மலிவானதில் இருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

ஆக்ஸிலரேட்டர் ஏறுது, கார் ஏறல

இப்போது அடுத்த வகை. கிளட்ச் பிடிக்கவில்லை. எஞ்சின் அலறும், ஆர்.பி.எம். முள் ஏறும், ஆனால் வேகம் கூடாது. இதைத்தான் ஸ்லிப் ஆவது என்கிறார்கள். சமதளத்தில் தனியாக ஓட்டும்போது தெரியாமல் இருந்து, குடும்பத்தோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான் பெரும்பாலும் வெளியே வரும். மலைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே கீழே இருக்கிற சாலையில் சோதித்துவிடுவது புத்திசாலித்தனம்.

வண்டி இல்லாத நேரான சாலையில், சுமார் 40 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் போங்கள். ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் கொஞ்சம் முனகி, வேகமும் ஆர்.பி.எம்.மும் கைகோத்துக்கொண்டு மெதுவாக ஏறும். முள் மட்டும் சட்டென்று துள்ளி, கார் பின்தங்கினால் ஸ்லிப். லேசான ஏற்றத்தில் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டு எஞ்சின் அணைகிறதா என்று பார்க்கும் இன்னொரு முறையும் உண்டு. அதை ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம். சோதனையே மிச்சமிருக்கும் பிளேட்டைக் கருக்கிவிடும்.

கருகிய வாடையைப் பற்றி ஒரு வார்த்தை. செங்குத்தான பார்க்கிங் சரிவில் ரிவர்ஸ் எடுத்தபோது ஒருமுறை வாடை வந்தது என்றால் பயப்பட வேண்டாம். சாதாரண டிராஃபிக்கிலேயே அடிக்கடி வருகிறது என்றால் மேலே சொன்ன சோதனையைச் செய்துவிடுங்கள்.

கேபிளா, ஹைட்ராலிக்கா?

பணம் மிச்சமாகும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மாருதி ஆல்டோ போன்ற சிறிய கார்களில் பெடலுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே ஒரு கேபிள்தான் இருக்கிறது. அதில் பெடலுக்குச் சில மில்லிமீட்டர் ‘ஃப்ரீ பிளே’, அதாவது எதையும் தள்ளாமல் சும்மா இறங்கும் தூரம் இருக்கணும். எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும்.

பிளேட் தேயத் தேய இந்தத் தூரம் குறைந்துகொண்டே வரும். கார் நகரத் தொடங்கும் புள்ளி மேலே மேலே போகும். ஃப்ரீ பிளே சுத்தமாக இல்லாமல் போனால், நீங்கள் கால் வைக்காமலே யாரோ லேசாக மிதித்துக்கொண்டிருப்பது போல ஆகிவிடும். கிளட்ச் ஸ்லிப் ஆகத் தொடங்கும். ஆரம்பத்திலேயே கவனித்தால் கேபிள் நட்டைத் தளர்த்தினால் போதும். மாறாக, ஃப்ரீ பிளே அதிகமாக இருந்தால் கிளட்ச் பிரியாது, கியர் உரசும். ஒரே நட்டு, இரண்டு எதிரெதிர் நோய்கள்! பெடல் கல்லாக இருக்கிறது என்றாலும் கேபிள் உள்ளே காய்ந்து இழை பிரிந்திருக்க வாய்ப்பு உண்டு. கேபிள் புதிதாக இருந்தும் பெடல் இறுக்கம் என்றால் பிரஷர் பிளேட்டின் வயது தெரிகிறது.

ஹைட்ராலிக் கிளட்ச்சில் கேபிளுக்குப் பதில் திரவம். இங்கே கேட்க வேண்டிய கேள்வி: பெடலை நான்கைந்து முறை வேகமாக மிதித்தால் கியர் நன்றாக விழுகிறதா? ஆமாம் என்றால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. பெடல் பஞ்சு போல இருப்பதும், மிதித்தால் எழும்பாமல் கீழேயே கிடப்பதும் இதன் அறிகுறிகள்தான். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே திரவ டப்பாதான். அதனால் அளவு குறைந்தால் இரண்டையும் சந்தேகப்படணும். மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஃப்ளூயிட் மட்டுமே ஊற்றணும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதி, பிரேக்கும் சேர்ந்து கெட்டுவிடும்.

கசிவு வெளியே உள்ள ஸ்லேவ் சிலிண்டரில் என்றால் சுலபமாக மாற்றிவிடலாம். சில கார்களில் அது கியர்பாக்ஸுக்கு உள்ளேயே ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து இருக்கும். அப்போது மட்டும் மெக்கானிக் “இறக்கணும்” என்று சொல்வது நியாயம்.

சத்தம், நடுக்கம்

நியூட்ரலில் நிறுத்திக் கேளுங்கள். பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றோ உறுமலாகவோ சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். கால் எடுத்திருக்கும்போது சத்தம் வந்து, மிதித்ததும் நின்றுபோனால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் பில்லும் மாறிவிடும்.

முதல் கியரில் கிளம்பும்போது கார் உதறுகிறதா? பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், ஃப்ளைவீல் மேற்பரப்பு சூட்டில் கெட்டிருக்கலாம். எஞ்சின் மவுண்ட் தளர்ந்தாலும் இதே உதறல்தான். முதலில் மவுண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நடுவழியில் கிளட்ச் செத்துவிட்டால்?

ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிள் அறுந்து பெடல் தரையில் விழுந்துவிட்டால், பதறி பிரேக்கை அழுத்தி நடுரோட்டில் நிறுத்திவிடாதீர்கள். ஹசார்டு விளக்கைப் போடுங்கள். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தபடி லிவரை இழுத்தால் கிளட்ச் இல்லாமலே நியூட்ரலுக்கு வந்துவிடும். இருக்கும் வேகத்திலேயே ஓரம் கட்டலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

மலையில் இறங்கும்போது மட்டும் இது கூடவே கூடாது. நியூட்ரல் வேண்டாம். இருக்கும் கியரிலேயே விட்டு, பிரேக்கை அழுத்தி அகலமான இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் குலுங்கி அணையும், அணையட்டும். அணைந்த பிறகு பிரேக் ஓரிரு மிதிகளுக்குத்தான் மென்மையாக இருக்கும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாகப் பிடித்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

இறக்கித்தான் ஆகணும் என்றால்

கிளட்ச் வேலையில் பெரிய பங்கு, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி. அதனால் பிளேட்டை மட்டும் மாற்றி, ரிலீஸ் பேரிங்கை விட்டுவைப்பது சிக்கனம் இல்லை. ஆறு மாதத்தில் பேரிங் போனால் அதே கூலியை மறுபடி கொடுக்கணும். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் செட்டாக மாற்றுவதுதான் சரி. ஃப்ளைவீலில் நீலக் கறைகளோ வெடிப்புகளோ இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய பிளேட்டை அவசியம் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட் ஆணிகள் மேற்பரப்புக்கு வந்திருந்தால் உண்மையிலேயே தேய்ந்துவிட்டது. தடிமன் நன்றாக இருந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் எங்கோ ஆயில் சீல் கசிகிறது. சீலை மாற்றாமல் புது பிளேட் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் ஆளாகும். கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள் என்பதால் கார் நிறுவனங்களின் வாரன்டியில் பொதுவாகச் சேராது. வாகனக் காப்பீடும் வழக்கமான தேய்மானத்துக்குப் பணம் தராது.

“எங்க வண்டி ஏ.எம்.டி., எங்களுக்கு இது பொருந்தாதே” என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2014-ல் மாருதி செலேரியோ மூலம் நம் சாலைகளுக்கு வந்த இந்த வகையில் இல்லாதது பெடல் மட்டும்தான். உள்ளே இருப்பது இதே கிளட்ச் பிளேட்தான். மேட்டில் சிக்னலுக்காக நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியே காரைப் பிடித்து நிறுத்தினால், அந்த நிமிடமெல்லாம் பிளேட் தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.