சேற்றுக்கு எந்த டயர்? கைமுதல் குறைந்தவர் போடவேண்டிய கணக்கு

மூட்டை ஏற்றும் சைக்கிள் வைத்து வியாபாரம் செய்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். டயரில் காற்று கல் மாதிரி இருக்கவேண்டும். சற்றே இறங்கினாலும் பாரம் ரிம்மில் உட்கார்ந்து, ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை விழும். பெல்ஜியம் நாட்டில் சைக்கிள் பந்தயக்காரர்கள் இதற்கு நேர் எதிராக நடக்கிறார்கள். காற்றை எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் அவர்களுடைய வித்தை. இருக்கும் கொஞ்சப் பணத்தை எந்த இடத்தில் போடுவது என்ற கேள்வி அங்கே மிகக் கூர்மையாக எழுவதால், வணிக நண்பர்கள் இதை அறிந்து வைப்பதில் நஷ்டம் இல்லை.

பந்தயத்தின் பெயர் சைக்ளோகிராஸ். மழையும் குளிரும் உள்ள செப்டம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சீசன். மேய்ச்சல் நிலம், மணல், மரவேர், படிக்கட்டு, சேறு எல்லாம் கலந்த சுமார் 3 கிலோமீட்டர் சுற்றில், சுமார் ஒரு மணி நேரம் ஓட்டவேண்டும். ஓட்டமுடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடவேண்டும். முதல் உலகப் போட்டி 1950இல் பாரிஸில் நடந்தது. பிரான்ஸின் ழான் ரோபிக் வென்றார். ஆனால் இன்று இந்த விளையாட்டின் உயிர்நாடி பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிதான். நவம்பர் 1 அங்கே அரசு விடுமுறை. அன்றைக்கு ஔடனார்டே அருகில் கொப்பன்பெர்க் மேட்டில் நடக்கும் பந்தயத்தைக் காண ஊரே திரள்கிறது. பக்கவாட்டில் சரிந்த புல்வெளி, அதன்மேல் ஈரச் சேறு. சக்கரம் ஒரு விரற்கடை வழுக்கினாலும் ஆள் கீழே.

தொலைக்காட்சியில் தெரியும் பெரிய வீரர்களுக்குக் கவலை இல்லை. அவர்களுக்கு இரண்டு மூன்று சைக்கிள்கள், வேன் நிறையச் சக்கரங்கள், உதவியாட்கள். சேறு அப்பிய சைக்கிளை ஓரத்தில் கொடுத்துவிட்டு, கழுவி வைத்த மற்றொன்றை வாங்கிக்கொண்டு போவார்கள். 2020இல் சுவிட்சர்லாந்தின் டூபெண்டார்ஃபில் நடந்த உலகப் போட்டியில் களிச்சேறு கடுமையாக இருந்தது. மாத்யூ வான் டெர் போல் வென்றார். அவருக்குப் பின்னால் சைக்கிள் கழுவ ஆட்கள் நின்றார்கள். உள்ளூர்ப் பந்தயத்தில் ஓடும் தச்சரும் பள்ளி ஆசிரியரும் ஒரே ஒரு சைக்கிளோடு வருகிறவர்கள். நமது கணக்கு இவர்களைப் பற்றியது. மாற்று சைக்கிள் இல்லாதவனுக்குத்தான் சேற்றைத் தானே உதறிக்கொள்ளும் டயர் அதிகம் தேவை!

ட்யூபுலர் என்றால் என்ன?

நமக்குப் பழக்கமான டயரில் இரண்டு ஓரத்திலும் கம்பி அல்லது கெட்டியான நூல் இருக்கும். அது ரிம்மின் உதட்டில் மாட்டிக்கொள்ளும். உள்ளே தனியாக ட்யூப். ட்யூபுலர் அப்படியல்ல. ட்யூபை உள்ளே வைத்து, துணியாலான டயரின் ஓரங்களைச் சேர்த்துத் தைத்து, ஒரு வளையக் குழாய்போல் ஆக்கிவிடுகிறார்கள். அதை ரிம்மின்மேல் சொல்யூஷன் போட்டு ஒட்டவேண்டும். ரிம்முக்குக் கூர்மையான உதடு கிடையாது. ஆகையால் காற்று குறைந்து டயர் நசுங்கினாலும் ட்யூப் எளிதில் வெட்டுப்படாது. சேற்றில் 20 முதல் 25 பவுண்டு காற்றில் ஓட்டுவது சகஜம். எடை குறைந்தவர்கள் இன்னும் கீழே இறங்குவார்கள். டயர் தளர்ந்து தரையைத் தழுவும்போதுதான் பிடிமானம் கிடைக்கிறது. பஞ்சரானாலும் டயர் ரிம்மைவிட்டுக் கழலாது. சக்கரம் மாற்றும் இடம்வரை ஓட்டிப் போகலாம்.

அகலத்தில் ஏமாற்ற வழியில்லை. உலக சைக்கிள் சங்கத்தின் விதிப்படி 33 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. ஆணி பதிக்கவும் தடை. ஆக, பணம் உள்ளவனும் இல்லாதவனும் ஒரே அகலத்தில்தான் ஓடவேண்டும். வித்தியாசம் துணியிலும் பட்டனிலும் ஒட்டிலும்.

துணியை முதலில் பார்ப்போம். ஜவுளி வணிகர்களுக்கு இது உடனே புரியும். உயர்ந்த ரகத்தில் பருத்தி அல்லது பருத்தி கலந்த நூல், அங்குலத்துக்கு ஏறக்குறைய 300 இழை. மெல்லிய துணி, கையில் எடுத்தால் வேட்டி மாதிரி மடியும். டுகாஸ்ட், பிரான்ஸின் எஃப்.எம்.பி. ஆகியவை கைவேலைக்குப் பேர் போனவை. ஒரு டயர் 100 யூரோவைத் தாண்டும். இத்தாலிய நிறுவனமான சேலஞ்சின் டயர் தாய்லாந்தில் தயாராகிறது. செக் நாட்டு டூஃபோ விலையில் சகாயம். அதில் தனி ட்யூப் கிடையாது. டயரின் உட்புறமே காற்றை அடைத்துக்கொள்ளும். பஞ்சரானால் அடைப்புத் திரவம் ஊற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். துணி சற்று விறைப்பு. எனவே அதே மென்மை வர, காற்றை இன்னும் இறக்கவேண்டும். ஆனாலும் பருத்தியைப்போல் உளுத்துப்போகாது. ஈரத்தைக் காயவைக்க நேரமும் இடமும் இல்லாதவருக்கு டூஃபோ மட்டமான சரக்கு அல்ல என்பதே நம் கருத்து.

அடுத்தது பட்டன். சேற்று டயரில் பட்டன்கள் உயரமாகவும் இடைவெளிவிட்டும் இருக்கும். இடைவெளி இருந்தால்தான் சக்கரம் சுற்றும்போது மண் உதிரும். டுகாஸ்ட்காரர்கள் தம் சேற்று டயருக்குக் காண்டாமிருகம் என்று பொருள்படும் ரைனோ என்ற பெயரை வைத்தார்கள். சேலஞ்ச் நிறுவனம் லிமஸ் என்றது. லத்தீனில் அதற்குச் சேறு என்றே பொருள். பெயர் வைப்பதிலேயே வியாபாரம் இருக்கிறது! சேற்றிலும் தரம் உண்டு. தண்ணீராக ஓடும் சேறு தானே கழுவிக்கொண்டு போய்விடும். பாதி காய்ந்து ஒட்டும் களிதான் வில்லன். அது சுற்றுக்கு அரைக் கிலோ வீதம் சக்கரத்தில் ஏறி, ஃபோர்க்கில் அடைத்துக்கொள்ளும்.

இப்போது கணக்கு. ஒரு நல்ல டயர் 100 யூரோ, ஒரு மலிவு டயர் 50 யூரோ என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 200 யூரோ. காய்ந்த தரைக்கு ஒரு ஜோடி, சேற்றுக்கு ஒரு ஜோடி என இரண்டு மலிவு ஜோடி வாங்குவதா? அல்லது நல்ல சேற்று ஜோடி ஒன்றா? மழை நாட்டுக்காரன் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். சேற்றுப் பட்டன் காய்ந்த புல்லில் கொஞ்சம் வேகத்தைத் தின்னும், ஆனாலும் ஓடும். காய்ந்த தரை டயர் சேற்றில் ஓடவே ஓடாது. இதுவும் கைக்கு மீறினால், முன்சக்கரத்துக்கு மட்டும் உயர்ந்த சேற்று டயர், பின்னால் நடுத்தரம். முன்சக்கரம் வழுக்கினால் விழுவது நிச்சயம். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். தார் சாலையில் பயிற்சி ஓட்டத்துக்கு இந்த டயரைத் தொடக்கூடாது. மெல்லிய ரப்பர் வெகு சீக்கிரம் கரையும். பயிற்சிக்குப் பழைய சாதாரண டயர் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டி, மூன்று சீசன் தாங்கினால், பந்தயம் ஒன்றுக்கு விழும் செலவு ஒரு கோப்பை பீர் விலை.

சொல்யூஷனில் சிக்கனம் கூடாது

டயரில் மிச்சம் பிடிக்கலாம், ஒட்டில் பிடிக்கவே கூடாது. காற்று அதிகமாக இருந்தால் டயர் தன் இறுக்கத்தாலேயே ரிம்மைக் கொஞ்சம் கவ்விக்கொள்ளும். 20 பவுண்டில் அந்த உதவி இல்லை. முழுப் பாரமும் ஒட்டின்மேல். சரிவில் டயர் உருண்டு கழன்றால் தோள்பட்டை எலும்பு போகும்.

மற்றொரு சங்கடமும் உண்டு. பழைய ரிம்களின் மேற்பரப்பு ஒல்லியான சாலைப் பந்தய டயருக்காக வளைக்கப்பட்டது. 33 மில்லிமீட்டர் தடிமனான டயர் அதில் முழுதாகப் படியாது. இடைவெளி விழும். பெல்ஜியத்து மெக்கானிக்குகள் அந்த இடத்தில் ஒரு நாடாவை வைத்து, சொல்யூஷனில் ஊறவைத்து நிரப்புகிறார்கள். புது டயரை முதலில் ஒட்டாமலே ரிம்மில் ஏற்றி, காற்று அடித்து, ஒரு நாள் இழுபடவிடவேண்டும். பிறகு ரிம்மில் இரண்டு மூன்று பூச்சு, டயர் அடித்துணியில் இரண்டு பூச்சு. ஒவ்வொன்றும் மெல்லியதாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது ஏற்றி, ஒரு முழு நாளாவது அசையாமல் வைக்கவேண்டும். சக்கரம் ஒன்றுக்கு நாலைந்து நாள் இழுக்கும் வேலை இது. சைக்கிள் கடைக்காரருக்கு டயர் விற்ற லாபத்தோடு கூலியும் கிடைக்கிறது. கூலியை மிச்சம் பிடிக்க வாடிக்கையாளர் வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம், பொறுமை இருந்தால். அவசரக்காரர் கடையில் கொடுத்துவிடுவதே மேல்.

பழைய சரக்கு வாங்கலாமா?

தாராளமாக. 2010இல் சைக்ளோகிராஸில் டிஸ்க் பிரேக்குக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் ரிம் பிரேக் சக்கரங்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டார்கள். பழைய ரிம் பிரேக் சைக்கிள் வைத்திருப்பவருக்கு ட்யூபுலர் சக்கரங்கள் சல்லிசாகக் கிடைக்கும். வாங்கும்போது பக்கத் துணியில் நூல் தெரிகிறதா, கறுப்புப் பூஞ்சைப் புள்ளி இருக்கிறதா, அடித்துணி நாடா உரிகிறதா என்று பார்க்கவேண்டும். கட்டை விரலால் டயரை அழுத்தித் தள்ளினால் ஓரம் தூக்குகிறதா? தூக்கினால் புதிதாக ஒட்டும் செலவையும் விலையில் கழிக்கவேண்டும். புது டயர் வாங்குவோர் பிப்ரவரி முடியும்வரை காத்திருப்பது லாபம். சீசன் முடிந்ததும் சேற்று டயரைக் கடைக்காரர் இருப்பில் வைத்து முதலை முடக்க விரும்பமாட்டார்.

இன்று ட்யூபே இல்லாமல் திரவம் ஊற்றி ஓட்டும் ட்யூப்லெஸ் டயர்கள் அமெச்சூர்களிடம் வெகுவாகப் பரவிவிட்டன. ஒட்டுகிற தொல்லை இல்லை. டயரை வீட்டிலேயே மாற்றலாம். வேலைக்கும் பந்தயத்துக்கும் ஒரே சக்கரம் வைத்திருப்பவர் அதற்கே போகட்டும். ஆனால் 25 பவுண்டுக்குக் கீழே, சரிவில் பக்கவாட்டுச் சுமை ஏறும்போது, ட்யூப்லெஸ் ஓரம் விலகிப் புஸ்ஸென்று காற்று விடும் அபாயம் உண்டு. பாரமான உடம்புக்காரர், ஆழச் சேறு, அதிலும் வெல்லவேண்டும் என்ற வெறி, மூன்றும் சேர்ந்தால் ட்யூபுலர்தான்.

பருத்தி டயர் வாங்கியவர், பந்தயத்துக்கு முன்பே பக்கத் துணியில் நீர் புகாத ரப்பர் பசையை மெல்லப் பூசிவிடவேண்டும். பந்தயம் முடிந்தபின் தண்ணீர்ப் பீச்சானை ரிம்மும் டயரும் சேரும் இடத்தில் நேராகப் பிடிக்கக்கூடாது. ஒட்டுக்குள் நீர் இறங்கும். ஈரச் சாக்கைச் சுருட்டி மூலையில் போட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பருத்தி டயருக்கும் அதே கதிதான். பழைய காலத்துப் பந்தயக்காரர்கள் பட்டு டயர்களை நிலவறையில் ஆண்டுக்கணக்காக வைத்துப் பழக்கினார்கள், நாம் அரிசியைப் பழசாக்குவதுபோல. இன்றைய ரப்பருக்கு அது வேண்டாம், வைத்திருந்தால் இறுகத்தான் செய்யும். துடைத்து, கொஞ்சம் காற்று விட்டு, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் சக்கரத்தைத் தொங்கவிட்டால் போதும்.