உர மானியம் யார் கணக்கில் விழுகிறது?

2024/25 பெரும்போகத்திலிருந்து நெற்செய்கைக்கான உர மானியம் ஹெக்டயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. உச்சம் 2 ஹெக்டயர். நமது கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 10,000, அதுவும் ஐந்து ஏக்கர் மட்டும்தான்.

பணம் நேரே வங்கிக்கு வருகிறது. நல்லதுதான். ஆனால் யாருடைய வங்கிக் கணக்குக்கு? கமநல சேவை நிலையப் பதிவில் பெயருள்ளவருக்கு. என் வகுப்புப் பிள்ளையொன்றின் வாப்பா குத்தகைக்கு வயல் செய்கிறார். பதிவு காணிக்காரர் பெயரில். மானியம் அங்கே போனது. இவர் கடனுக்கு யூரியா எடுத்தார்.

பெயரை மாற்றிக் கொடுக்கக் காணிக்காரர்கள் தயங்குவதற்கும் காரணமுண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகைச் செய்கையாளருக்குப் பாதுகாப்பளிக்கிறது. பெயர் ஏறினால் காணி கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். அதனால்தான் நம்மூர்களில் குத்தகை இன்னும் வாய்ப்பேச்சிலேயே நடக்கிறது. அடுத்த போகத்துக்கு விதைக்குமுன், மானியம் யாருக்கு என்பதையாவது இருவரும் எழுதிக் கையொப்பமிடலாமே.