உல்லாஸ்நகர்: சொந்த வீடு இருந்தும் இடித்துக் கட்ட முடியாமல் தவிப்பது ஏன்?

தாராவி, மாட்டுங்கா, செம்பூரில் வாடகை கட்டுப்படியாகாமல் கல்யாணைத் தாண்டி வீடு தேடுகிறீர்களா? உல்லாஸ்நகரில் குறைந்த விலைக்கு பிளாட் இருக்கு என்று யாராவது கட்டாயம் சொல்லியிருப்பார்கள். விலை குறைவாக இருப்பதற்கு தூரம் மட்டும் காரணமல்ல.

2021 மே மாதம், இரண்டு வார இடைவெளியில், இங்கே இரண்டு கட்டடங்களில் ஸ்லாப் பெயர்ந்து விழுந்தது. மே 28 இரவு நடந்த இரண்டாவது விபத்தில் மட்டும் 7 பேர் இறந்தார்கள். இரண்டுமே 1990களின் நடுவில் எழுந்த கட்டடங்கள். அதாவது, முப்பது வயதுகூட ஆகாதவை. இதே காலத்தில், இதே அவசரத்தில் எழுந்த மற்ற கட்டடங்களில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. பயமாக இருந்தால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். விதிகள் அதற்கு எளிதில் இடம் தருவதில்லை.

ராணுவ முகாம் நகரமான கதை

இரண்டாம் உலகப்போரின்போது இது கல்யாண் ராணுவ முகாம். பிரிவினைக்குப் பிறகு சிந்து மாகாணத்திலிருந்து வந்த சுமார் ஒரு லட்சம் அகதிகளை இந்த பாரக்குகளில் குடியமர்த்தினார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று நகருக்கு அடிக்கல் நாட்டியவர் நம்ம ராஜாஜி. அப்போது அவர் கவர்னர் ஜெனரல். இப்போதும் விலாசம் கேட்டால் 'கேம்ப் 1', 'கேம்ப் 3' என்றுதான் சொல்வார்கள்.

சிப்பாய்களுக்காகப் போட்ட பாரக், குறுகிய சந்து. அதன்மேலேயே வீடு, பட்டறை, கடை, பிறகு நான்கைந்து மாடி. 13 சதுர கிலோமீட்டரில், 2011 கணக்கெடுப்புப்படி 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். வரைபட அனுமதிக்காக யாரும் காத்திருக்கவில்லை.

எஃப்எஸ்ஐ கணக்கு எங்கே இடிக்கிறது?

ஒரு மனையில் மொத்தம் எத்தனை சதுர அடி கட்டலாம் என்பதைச் சொல்லும் எண்தான் எஃப்எஸ்ஐ. மும்பை நீங்கலாக மகாராஷ்டிராவின் பெரும்பகுதிக்கு 2020 டிசம்பரில் பொதுவான கட்டட விதிகள் வந்தன. நெரிசல் பகுதி என்று குறிக்கப்படாத இடங்களில் அடிப்படை எஃப்எஸ்ஐ 1.1. பணம் கட்டி அதைக் கூட்டலாம். எவ்வளவு என்பதை மனைக்கு முன்னால் உள்ள சாலையின் அகலம் தீர்மானிக்கும். உல்லாஸ்நகரில் அடி விழுவது இங்கேதான்.

ஒரு பேச்சுக்கு 3,000 சதுர அடி மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாத ஐந்து தளக் கட்டடம். 600 சதுர அடியில் 20 வீடுகள், மொத்தம் 12,000 சதுர அடி. இடித்தால் அடிப்படைக் கணக்கில் கிடைப்பது 3,300. ஐந்து குடும்பத்துக்கு வீடு. மீதி 15 குடும்பம்? பில்டர் விற்று லாபம் பார்க்கவும் ஒன்றும் மிஞ்சாது என்பதால் யாரும் வரமாட்டார்கள்.

முறையாக அனுமதி பெற்ற பழைய கட்டடமென்றால், ஏற்கெனவே கட்டிய பரப்பையாவது திரும்பக் கட்ட விதி இடம் தருகிறது. அனுமதி இல்லாத கட்டடத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தப்பு பண்ணியது பில்டர், பார்த்துக்கொண்டிருந்தது நிர்வாகம். நஷ்டம் பணம் கொடுத்து வாங்கியவருக்கு.

2006 சட்டம் என்ன ஆனது?

பொதுநல வழக்கு ஒன்றில் 855 சட்டவிரோதக் கட்டடங்கள் மீது நடவடிக்கை எடுக்க பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே கொந்தளிக்க, மாநில அரசு உல்லாஸ்நகருக்கென்றே 2006இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் நகரமைப்புச் சட்டத்தின் 113-ஏ, 113-சி பிரிவுகளில் செய்த வரன்முறை போலத்தான். ஆனால் பயன் பெற்ற கட்டடங்கள் வெகு சிலவே. கட்டணம் அதிகம், மனை உரிமை ஆவணங்களில் குழப்பம். அதோடு, கட்டணம் கட்டியதால் உப்பேறிய கம்பி சரியாகிவிடாது; அதற்கு அந்தச் சட்டத்தில் என்ன வழி இருந்தது என்பதே என் கேள்வி.

வேறு வழி இருக்கிறதா?

தாராவியில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்கிறது மறுசீரமைப்புத் திட்டம். மாடியில் இருப்பவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பது தனிக்கதை. ஆனாலும் குடிசைவாசிக்கு விதியில் ஓர் இடமாவது இருக்கிறது.

2013 ஏப்ரலில் மும்ப்ரா அருகே கட்டடம் சரிந்து 74 பேர் இறந்த பிறகு, தாணேயில் 'கிளஸ்டர்' முறை வேகம் பிடித்தது. பல கட்டடங்களை ஒன்றாக இடித்து, சாலையை அகலமாக்கி, கூடுதல் எஃப்எஸ்ஐ கொடுத்து, அனுமதியற்ற கட்டடங்களில் வசிப்பவர்களையும் சேர்த்துக் கட்டுவது. சந்தின் அகலமே தடையாக நிற்கும் உல்லாஸ்நகருக்கு, மனை மனையாக விதியைத் தளர்த்துவதைவிட இது பொருந்தும். ஆனால் நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். இடைக்கால வாடகை ஒழுங்காக வரவேண்டும். அது லேசுப்பட்ட காரியமல்ல.

வாங்கப் போகிறீர்கள் என்றால் டோக்கன் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: அனுமதி பெற்ற வரைபடம், குடியேற்றச் சான்றிதழான ஓசி, மனை யார் பேரில் இருக்கிறது என்ற ஆவணம். மின்கட்டண ரசீதும் சொத்து வரி ரசீதும் காட்டி "எல்லாம் கிளியர்" என்றால் நம்ப வேண்டாம். அனுமதியில்லாத கட்டடத்துக்கும் வரி வசூலிப்பார்கள்.