பட்டறைக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்!

கம்ப்யூட்டர் பாகம் வேண்டுமென்றால் ஓசூர்க்காரர்களுக்குச் சென்னை ரிச்சி தெரு நினைவுக்கு வருவதில்லை. அது 300 கிலோமீட்டர். அத்திப்பள்ளியைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர் போனால் பெங்களூரு எஸ்.பி. ரோடு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து, வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் போய்விட்டன. எல்லைக்கு இந்தப் பக்கம் வாங்கினாலும் அந்தப் பக்கம் வாங்கினாலும் வரி 18 சதவீதம்தான். அங்கிருந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடிய பொருட்களில், ஒரு சிறு பட்டறைக்கு இன்று அதிகம் பயன்படுவது எஸ்.எஸ்.டி. என்பேன்.

சிப்காட், சிட்கோ பட்டறைகளில் டிராயிங் திறக்கவும் பில் போடவும் வைத்திருக்கும் பழைய லேப்டாப்பை, ‘ரொம்ப ஸ்லோ’ என்று சொல்லித்தான் ஓரங்கட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி பிராசஸர் அல்ல, ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு. அதன்மேல் முடியிழையைவிடப் பல்லாயிரம் மடங்கு குறுகிய இடைவெளியில் மிதக்கும் முனை. பக்கத்திலேயே பவர் பிரஸ் இடித்துக்கொண்டிருந்தால் அது எத்தனை காலம் தாங்கும்? ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவுமே இல்லை. 1987-ல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா குழு அறிமுகப்படுத்திய நாண்ட் ஃபிளாஷ் சிப்புகள்தான் உள்ளே இருக்கின்றன. 1991-ல் சான்டிஸ்க் விற்ற முதல் எஸ்.எஸ்.டி.யின் கொள்ளளவு 20 எம்.பி., விலை ஏறத்தாழ 1,000 டாலர். இன்று கைபேசியில் எடுக்கும் நான்கைந்து படங்களுக்கே அது போதாது.

வாங்கும்போதுதான் வழுக்குகிறது. லேப்டாப்பில் பரவலாக இருக்கும் எம்.2 வகை 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், பெட்டியில் ‘2280’ என்று போட்டிருக்கும். மினி கம்ப்யூட்டர் சிலவற்றில் 30 மி.மீ. நீளமுள்ள ‘2230’ மட்டுமே நுழையும். அளவு பொருந்தினாலும் வேலை முடிவதில்லை. எம்.2-விலேயே சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு ரகம். சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்.வி.எம்.இ. செருகினால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய மெஷினுக்கு 2.5 அங்குல சாட்டா போதும். வேகம் நொடிக்கு 550 எம்.பி.யோடு நின்றுவிடும், அதுவே பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போல ஐந்து மடங்கு. பில்லும் டிராயிங்கும் பார்க்கும் இடத்தில் என்.வி.எம்.இ.யின் 3,500 எம்.பி. வேகத்துக்குக் காசு கொடுப்பது வீண்.

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து விலை ஏறுமுகம். மைக்ரான் தன் சில்லறை பிராண்டான குருசியலையே மூடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஐபோனின் உடற்பகுதியைச் செய்யும் டாடா ஆலை இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால், ஐபோனுக்குள் போகும் மெமரி சிப் நம் நாட்டில் உற்பத்தியாவதில்லை. 2023-ல் அறிவிக்கப்பட்ட மைக்ரானின் குஜராத் சானந்த் ஆலைகூட, வெளியில் உருவான சிப்பைச் சோதித்து பேக்கிங் செய்யும் இடம்தான்.

‘2 டிபி, அடிமாட்டு விலை’ என்றால் நம்பாதீர்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கும் சந்தையில் உண்டு; நிரம்பியதும் பழைய ஃபைல்களின் மேலேயே எழுதிவிடும். கம்பெனி வாரண்டியோடு, பில் போட்டு வாங்குங்கள். திடீர் மின்வெட்டு மலிவு எஸ்.எஸ்.டி.க்கு ஆகாது, ஆகவே யு.பி.எஸ். அவசியம். தெரியாமல் அழித்த ஃபைலை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மீட்பதுபோல இதில் எளிதாக மீட்கவும் முடியாது.

கழற்றிய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் வைக்க எஸ்.எஸ்.டி. ஏற்றதல்ல; அந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க்தான் சரி. நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. கேஸ் வாங்கி அதில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை டிராயிங், கணக்கு எல்லாவற்றையும் அதில் காப்பி எடுத்து வையுங்கள்.