சிக்னலில் நடுங்கும் கார்

சிவப்பு விளக்கில் கார் நிற்கிறது. ஸ்டியரிங் விரல் நுனியில் குறுகுறுக்கிறது. உள்கண்ணாடியில் பின்னால் நிற்கும் லாரியின் நம்பர் பிளேட் கலங்கித் தெரிகிறது. டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடுகிடுக்கிறது. லேசாக ரேஸ் கொடுத்தால் எல்லாம் அடங்கிவிடுகிறது. பட்டறைக்குப் போனால் மெக்கானிக் பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மவுண்டிங் போயிடுச்சு சார்" என்பார். பெரும்பாலும் சரியாகவே சொல்வார். ஆனால் ஐடிலில், அதாவது என்ஜின் சும்மா ஓடும்போது, நடுங்குகிற கார், அது வேகமெடுத்ததும் ஏன் அமைதியாகிறது?

நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் ஐடிலில் நிமிடத்துக்குச் சுமார் 750 சுற்று சுற்றும். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நான்கும் சேர்ந்தால் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, அதாவது விநாடிக்கு 25. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க் தண்டை ஒரு பக்கம் முறுக்க, என்ஜினின் உடல் மறுபக்கம் திமிறுகிறது. பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுவதால் எழும் ஓர் உதறலும் இதே தாளத்தில் சேர்ந்துகொள்ளும். கியர்பாக்ஸோடு சேர்த்து நூறு கிலோவைத் தாண்டும் ஓர் இரும்புப் பொதி இப்படித் திமிறிக்கொண்டே இருக்க, அதைக் காரின் உடலோடு பிணைத்திருப்பது மவுண்டிங் எனப்படும் மூன்று நான்கு ரப்பர்த் துண்டுகள்தாம்.

அந்த ரப்பர் அதிர்வை உறிஞ்சிக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உறிஞ்சுவது கொஞ்சம்தான், பெரிய வேலையை அதன் நெகிழ்வு செய்கிறது. ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் என்ஜினை ஒருமுறை தள்ளிவிட்டால் அது தனக்கென்று உள்ள ஒரு வேகத்தில் ஆடி அடங்கும். விநாடிக்கு எட்டு முறை என்று வைத்துக்கொள்வோம். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் உயர உயரப் போகும்; அதைவிடப் பல மடங்கு வேகத்தில் படபடவென்று தட்டினால் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். என்ஜினுக்கும் அதே விதிதான். வெடிப்பின் வேகம் அந்தச் சொந்த ஆட்டத்தைப் போல 1.4 மடங்கைத் தாண்டிய பிறகே ரப்பர் அதிர்வைக் குறைக்கத் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருந்தால் உதவி செய்யாதது போக, வந்த அதிர்வைப் பெருக்கியும் அனுப்பும்.

எளிமையாகக் கணக்குப் போட்டால், சொந்த ஆட்டம் 8, வெடிப்பு 25 என்ற நிலையில் காரின் உடலுக்குப் போய்ச் சேர்வது ஒன்பதில் ஒரு பங்கு விசை. 3000 சுற்றில் வெடிப்பு விநாடிக்கு 100 ஆகிறது. அப்போது ஏட்டளவில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ரேஸ் கொடுத்ததும் கார் அடங்குவதன் ரகசியம் இதுதான். ஐடில்தான் ரப்பருக்கு மிகக் கடினமான பரீட்சை.

மூன்று சிலிண்டர் என்ஜினுக்குப் பரீட்சை இன்னும் கடினம். 800 சுற்றில் அதன் வெடிப்பு விநாடிக்கு 20தான். அதே ரப்பரில் ஐந்தில் ஒரு பங்கு கடந்து வந்துவிடும். மாருதி 800 முதல் இன்றைய பல சிறிய கார்கள்வரை மூன்று சிலிண்டர்தான். அந்தக் கார்களில் கொஞ்சம் நடுக்கம் பிறவிக் குணம். அதைப் போக்க வேண்டும் என்று மாதாமாதம் பட்டறைக்குப் போவது வீண் செலவு.

சாவியைத் திருப்பி அணைக்கும்போது கடைசியாகக் கார் ஒரு குலுக்கு குலுக்கி ஓய்கிறதே, அதுவும் இந்தக் கணக்கில் அடங்கும். சுற்று குறைந்துகொண்டே வரும்போது என்ஜினின் உதைப்பு ஒரு கணம் விநாடிக்கு எட்டு என்ற அந்த ஆட்ட வேகத்தோடு ஒத்துப்போய், அதைக் கடந்து நிற்கிறது.

ஆரம்பகாலக் கார்களில் என்ஜினைச் சட்டத்தோடு நேரடியாக போல்ட் போட்டு முடுக்கும் வழக்கம் இருந்தது. 1931இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முன்னால் உயரத்தில் ஒரு ரப்பர், பின்னால் தாழ்வில் ஒரு ரப்பர். இரண்டையும் இணைக்கும் கற்பனைக் கோடு என்ஜினின் எடை மையத்தின் வழியே போகும். அந்தக் கோட்டைச் சுற்றி என்ஜின் தாராளமாக உருளலாம். வரம்பு மீறாதிருக்கப் பக்கவாட்டில் ஒரு பட்டை வில். நான்கு சிலிண்டர் செலவில் எட்டு சிலிண்டரின் மென்மை என்று விளம்பரம் செய்தார்கள். பிரான்ஸின் சித்ரோயன் இதற்கு உரிமம் வாங்கி, நீரில் மிதக்கும் அன்னத்தைச் சின்னமாகவே காரில் பொறித்தது. விளம்பரத்தில் கொஞ்சம் மிகை உண்டு, பொறியியலில் இல்லை. என்ஜினை அடக்குவதைவிட அதை ஆடவிட்டு, அந்த ஆட்டத்தைக் காரிலிருந்து பிரிப்பது நல்லது என்ற அந்த யோசனைதான் இன்றும் ஏறக்குறைய எல்லாக் கார்களிலும்.

பழைய மவுண்டிங்கைக் கழற்றிக் கையில் வாங்கிப் பாருங்கள். நடுவில் ஓர் அலுமினியக் கட்டை, சுற்றிலும் இரும்பு வளையம், இரண்டையும் இணைக்கும் கறுப்பு ரப்பர்க் கைகள். ரப்பரைத் திருகோ ஆணியோ பிடித்திருக்காது. உலோகத்தில் பசை தடவி, அச்சில் வைத்து, அதோடு ஒட்டியே வேகவைத்திருப்பார்கள். கெட்டுப்போன மவுண்டிங்கில் நடுக்கட்டை வளையத்தின் மையத்தில் இராது. கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். ரப்பர்க் கையின் வேரில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். நகத்தால் அழுத்தினால் பதியாது.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் வடிக்கும் அதே மரத்துப் பால்தான் பெரும்பாலான மவுண்டிங்குகளுக்கு மூலப்பொருள். லட்சக்கணக்கான தடவை நெளிந்தும் அறுந்துபோகாத குணத்தில் இயற்கை ரப்பருக்கு ஈடு கிடைப்பது கடினம். ஆனால் என்ஜின் அறையின் வெப்பத்தில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே கந்தகப் பிணைப்புகள் மேலும் மேலும் கூடி அது இறுகும். காற்றின் ஆக்சிஜனும் ஓசோனும் சங்கிலிகளை அறுக்கும். கனிம எண்ணெய் பட்டாலோ ஊதிப்போகும். வால்வ் கவரில் ஆயில் கசிகிற காரில் புது மவுண்டிங் மாட்டுவதற்கு முன் கசிவை நிறுத்துவது புத்திசாலித்தனம். ரப்பர் இறுகி, சொந்த ஆட்டம் 8இலிருந்து 12க்கு ஏறினால், ஒன்பதில் ஒரு பங்காக இருந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிறது. அறவே நசுங்கி இரும்போடு இரும்பு தொட்டுவிட்டால் கணக்கே வேண்டாம்.

நடுக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஒரே ஒரு சிலிண்டர் வெடிக்காமல் 'மிஸ்ஸிங்' அடித்தால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஓர் இடறல். 750 சுற்றில் அது விநாடிக்கு 6.25, ரப்பர் பெருக்கி அனுப்பும் இடத்துக்குள்ளேயே வந்து விழுகிறது. புத்தம்புது மவுண்டிங் போட்டாலும் அது அடங்காது. ஆகவே முதலில் ஸ்பார்க் பிளக், காயில், த்ராட்டில் பாடி. சீரான குறுகுறுப்பா, விட்டு விட்டு வரும் உலுக்கலா என்று உட்கார்ந்த இடத்திலேயே கவனித்தால் பாதி தெரிந்துவிடும். ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூட்ரலிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது நடுக்கம் சட்டென்று கூடினால் சந்தேகம் மவுண்டிங் பக்கம் சாயும். கிளட்சை விடும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தால், ரப்பர் இறுகியதோடு நிற்காமல் கிழிந்தும் இருக்கலாம்.

மாற்றுவது பெரிய வித்தையில்லை. ஆயில் சம்ப்புக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கியால் என்ஜினைத் தாங்கிக்கொண்டு, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவார்கள். வித்தை இறுக்குவதில்தான் இருக்கிறது. எல்லா போல்ட்டையும் முதலில் கையளவுக்குத் திருகி, ஜாக்கியை இறக்கி, என்ஜினை ஆட்டிவிட்டு, அது தானாக எங்கே உட்காருகிறதோ அங்கே இறுக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய நிலையிலேயே ஸ்பேனரைப் போட்டு முடுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையில் மாட்டிக்கொள்ளும். புதிய மவுண்டிங் பழையதைவிட மோசமாக நடுங்க வைக்கும். பில்லைக் கொடுத்துவிட்டுப் போன வாடிக்கையாளர் அடுத்த சிக்னலிலிருந்தே திரும்பி வந்து, டூப்ளிகேட் பார்ட்டைப் போட்டுவிட்டீர்கள் என்று சண்டைக்கு நிற்பார்.