இரவில் மூச்செடுக்கும் கனி

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைவீதியில் அன்னாசிக்குப் பருவம் என்று தனியாக ஒன்று கிடையாது. மாம்பழம் வரும், போகும். பலா வரும், போகும். குடுமியோடு குவித்து வைத்த அன்னாசி மட்டும் எந்த மாதம் போனாலும் இருக்கும். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய வீதி அது. தெற்கிலிருந்து வந்து கடை போட்ட தமிழர்கள் பலர் இருப்பதால் தமிழிலேயே பேரம் பேசலாம். பழத்தை மட்டும் மலையாளத்தில் கைதச்சக்கை என்று கேட்டால் விலை கொஞ்சம் இறங்கும் என்பது என் நம்பிக்கை.

அந்தப் பழத்தில் பாதியும், காலையில் வடித்து ஆறிய சோறும் இருந்தால் இருபது நிமிடத்தில் இரவுச் சாப்பாடு ஆகிவிடும். தாய்லாந்துக்காரர்கள் 'காவ் பாட் சப்பரோட்' என்கிறார்கள். அன்னாசியும் முந்திரியும் மஞ்சள் மணமும் சேர வதக்கிய சோறு. வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வீட்டில் இப்போது இது அடிக்கடி நடக்கிறது. இருபது நிமிடம் என்பது நம் கணக்கு. படைத்தவன் அதற்காகச் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகளைப் பார்த்தால் வாய் அடைத்துப் போகிறது.

கத்தியை வைப்பதற்கு முன் பழத்தைக் கையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். தோலில் இருக்கும் கண்கள் சாய்வான வரிசைகளாக ஏறுகின்றன. ஒரு பக்கமாகச் சாயும் வரிசைகளை எண்ணினால் பெரும்பாலும் 8 வரும். எதிர்ப்பக்கம் சாய்பவை 13. இன்னும் செங்குத்தாக ஏறுபவை 21. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை இது. குறிலும் நெடிலும் கலந்து செய்யுள் அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று எண்ணிப் பார்த்த ஜைன ஆசாரியர் ஹேமசந்திரர், 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் இதே எண்களைச் சொன்னார். இத்தாலியின் ஃபிபொனாச்சி 1202இல் முயல்களை வைத்து அதே கணக்குக்கு வந்தது அதற்குப் பிறகு. கவிதையின் தாளத்திலும் பழத்தின் தோலிலும் ஒரே எண். செடியைக் கேட்டால் அதற்கு எண்ணத் தெரியாது. ஒவ்வொரு மொட்டும் முந்தைய மொட்டிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை தள்ளி முளைக்கிறது, அவ்வளவுதான். ஒன்றின்மேல் ஒன்று படாமல் இடம் பிடிக்க அதைவிடச் சிறந்த கோணம் இல்லை.

கண்கள் ஒவ்வொன்றும் ஒரு பூ. அன்னாசி தனிப் பழமே அல்ல. நூறு முதல் இருநூறு வரை நீலமும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் ஒரே தண்டில் அடியிலிருந்து மேலாக விரிகின்றன. ஒரு பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுள். பிறகு அவற்றின் சூலகங்களும் பூவடிச் செதில்களும் நடுத்தண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்து ஒரே உடலாகின்றன. கூட்டுக் குடும்பம் என்று நாம் பேசுவோம்; இது செய்து காட்டுகிறது. அடிப் பூக்கள் முதலில் விரிந்தவை, ஆகவே அடிப்பாகம்தான் அதிகம் இனிக்கும். நான் அடிப்பாதியைப் பழமாகத் தின்னவும், சற்றே புளிக்கும் மேல்பாதியைச் சோற்றுக்கும் ஒதுக்குவேன்.

விதை எங்கே என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி அன்னாசி. ஒரே வகைக் கன்றுகளை மட்டும் நட்ட தோட்டத்தில் வண்டு வந்தாலும் வராவிட்டாலும் விதை பிடிக்காது. ஆனாலும் கனி பருக்கும். அதன் தாயகமான தென்னமெரிக்காவில் தேன்சிட்டு போன்ற ஓசனிச்சிட்டுகள் மகரந்தம் சுமக்கின்றன, அங்கே விதையும் உண்டு. நம் ஊர்த் தோட்டங்களில் ஒரே வகைக் கன்றுகள் என்பதால் கத்திக்கு வேலை மிச்சம்.

இனி அதன் மூச்சு. சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை இழுக்கும். அதே துளை வழியாக நீரும் ஆவியாகிப் போகும். அன்னாசி வெயிலில் வாயைத் திறப்பதில்லை. இருட்டிக் குளிர்ந்த பின் துளைகளைத் திறந்து, கிடைத்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கி இலைக்குள் பூட்டி வைக்கிறது. பொழுது விடிந்ததும் துளைகளை அடைத்துக்கொண்டு, பூட்டி வைத்ததை எடுத்துச் சூரியனின் உதவியோடு சர்க்கரை செய்கிறது. அதனால்தான் விடியற்காலையில் அதன் இலைச்சாறு புளிக்கும், மாலையில் அந்தப் புளிப்பு குறைந்திருக்கும். கிண்ணம்போல் குவிந்த இலையடியில் மழைநீரும் பனிநீரும் தேங்கும், அதையும் உறிஞ்சிக்கொள்ளும். சுண்ணாம்பும் உரமும் குறைந்த செம்மண் மேட்டில், வேறு பயிர் வாடும் இடத்தில் இனிப்பைச் சுரக்கிறதே, அதற்கு இந்த இரவு மூச்சும் ஒரு காரணம்.

நமக்கு வரும் பழத்தில் பெரும்பகுதி, இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே, மூவாற்றுப்புழையை அடுத்த வாழக்குளத்தைச் சுற்றிய நிலங்களில் விளைவது. மொரீஷியஸ் என்ற வகை. ரப்பர் கன்று நட்டுப் பந்தல்போல் நிழல் கவியும் வரை உள்ள மூன்று நான்கு ஆண்டுகளில் இடையே அன்னாசியை வைத்து எடுத்துவிடுகிறார்கள். 2009இல் வாழக்குளம் அன்னாசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அன்னாசி ஆராய்ச்சி நிலையமும் அந்த ஊரில்தான் இருக்கிறது. ஆண்டு முழுதும் பழம் கிடைப்பதன் ரகசியம் ஒரு புகை. 19ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ் தீவுகளில், கண்ணாடிக் கூடாரத்துக்குள் புகை பரவியபோது அன்னாசிச் செடிகள் ஒருசேரப் பூத்ததைக் கவனித்தார்கள். புகையிலிருந்த எத்திலீன் வாயுதான் அந்த அழைப்பு என்பது பின்னால் தெரிந்தது. இன்று எத்திஃபோன் என்னும் மருந்தைக் கரைத்துச் செடியின் குருத்தில் ஊற்றுகிறார்கள். அது எத்திலீனாகச் சிதைய, சில வாரங்களில் தோட்டம் முழுவதும் பூ எடுக்கிறது. மற்றப் பழங்களை முதுமைக்குத் தள்ளும் வாயு இந்தச் செடியை மணப்பெண்ணாக்குகிறது என்றால், அந்தக் கட்டளையை அதற்குள் எழுதி வைத்தவனை என்னென்பது!

இத்தனை பணிவான பழத்துக்கு ஒரு மூர்க்கமும் உண்டு. நாம் அதைத் தின்னும்போது அதுவும் நம்மைத் தின்கிறது. நாக்கு முரமுரப்பதும் உதட்டோரம் எரிவதும் அதனால்தான். புரதத்தைக் கரைக்கும் புரோமிலைன் என்னும் நொதி அதன் சாற்றிலும் தண்டிலும் நிறைந்திருக்கிறது. வெனிசுவேலாவின் வேதியியலாளர் விசென்தே மார்க்கானோ 1891இல் அதைப் பிரித்தெடுத்தார். பச்சை அன்னாசியைத் தயிரில் போட்டுச் சிறிது நேரம் விட்டால் கசக்கத் தொடங்கும்: தயிரின் புரதத்தை அது கசப்பான துணுக்குகளாக உடைத்துவிடுகிறது. இறாலைப் பச்சை அன்னாசியோடு பிசறி ஊற வைத்தால் குழைந்து போகும். ஆனால் 70 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில் சில நிமிடம் இருந்தால் அந்த நொதி அடங்கிவிடும்.

ஓண விருந்தில் இலையோரம் வைக்கும் அன்னாசிப் பச்சடியைச் செய்கிறவர்களுக்கு இந்த வேதியியலை யாரும் சொல்லித் தரவில்லை. அவர்கள் பழத்தை மஞ்சளோடு முதலில் வேகவிடுவார்கள். தேங்காயும் கடுகும் அரைத்துச் சேர்ப்பார்கள். தயிரைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுவார்கள். வரிசை மாறினால் பச்சடி கெடும் என்று கைக்குத் தெரியும். அன்னாசிச் சோற்றுக்கும் இதே வரிசைதான் சட்டம்: பழம் முதலில் தீயைச் சந்திக்க வேண்டும், முட்டையோ இறாலோ அதற்குப் பிறகே அதன் பக்கத்தில் போகலாம். சமையல் புத்தகங்கள் இதை ஒரு குறிப்பாகச் சொல்லும். எனக்கு இது பழம் இடும் நிபந்தனை என்றே படுகிறது.

சோற்றின் அதிசயம் வேறு விதம். சுடச்சுட வடித்த சோற்றை வதக்கினால் களியாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொதிநீரில் வீங்கிக் குழம்பிக் கிடந்த மாவுச்சத்தின் நீண்ட இழைகள், ஆறும்போது ஒன்றையொன்று தேடி வரிசையில் நிற்கின்றன. இடையிலிருந்த நீர் வெளியே தள்ளப்படுகிறது. பருக்கை இறுகித் தனித்தனியாகிறது. தாய்லாந்தின் மல்லிகை அரிசியில் இந்த நீண்ட இழைகள் குறைவு, சோறு மிருதுவாக இருக்கும், ஆகவே அதைக் குளிரவிட்டே ஆக வேண்டும். அந்த அரிசியின் மணமும் ஒரு புதிர். நறுமண நெல்வகைகளில் பெரும்பாலானவற்றில் ஒரு மரபணு பழுதுபட்டிருக்கிறது. அது செய்ய வேண்டிய நொதி உருவாகாமல் போவதால்தான் மணப்பொருள் சேர்கிறது. நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலும் நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும். பிரியாணியில் போடும் ரம்பை இலையிலும் அதே மணப்பொருள். வயநாட்டின் ஜீரகசாலையும் கந்தகசாலையும் அந்தக் குலத்து அரிசிகளே. இருப்பதால் மட்டும் அல்ல, ஒன்று இல்லாமல் போவதாலும் அருள் வரும் என்பதை ஒரு நெல்மணி சொல்கிறது. மல்லிகை அரிசி தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம், ஜீரகசாலை போதும். மட்டை அரிசி மட்டும் வேண்டாம், அதன் சுவை அன்னாசியோடு சண்டை பிடிக்கும்.

முந்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குக் கொல்லாங்கொட்டை. பழத்துக்கு வெளியே தொங்கும் விதை, அதைச் சுற்றித் தோலைப் பொசுக்கும் எண்ணெய் நிறைந்த ஓடு. கொல்லத்தின் ஆலைகளில் பெண்கள் அந்த ஓட்டை உடைத்துத் தரும் வெள்ளைப் பருப்புதான் நம் சட்டிக்கு வருகிறது. முந்திரி, அன்னாசி, மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பிறவிகள். கொலம்பஸ் 1493இல் குவாதலூப் தீவில் அன்னாசியைப் பார்த்தார். போர்ச்சுகீசியர் 1498இல் கோழிக்கோட்டுக்கும் 1511இல் சயாமுக்கும் வந்தார்கள். ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில், ஆக்ராத் தோட்டத்தில் ஆண்டுக்குப் பல ஆயிரம் அன்னாசி காய்ப்பதாக எழுதி வைத்தார்.

போர்ச்சுகீசியக் கப்பல்கள் வருவதற்கு முன்பே இந்த இரண்டு கரைகளுக்கும் உறவு இருந்தது. திருவனந்தபுரம் வட அட்சம் 8.5 பாகையில் இருக்கிறது. தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராத் 8.4இல். அதற்குச் சற்று வடக்கே தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவின் காவலில் விட்டதைச் சொல்கிறது. அதே மணிக்கிராமம், நம் கொல்லத்தின் 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் வருகிறது. ஒரே வெயிலும் ஒரே பருவக்காற்றும் உள்ள கரைகள். பின்னால் வந்த அமெரிக்கச் செடி இரண்டிலும் ஒரே மாதிரி வேர் பிடித்ததில் வியப்பில்லை.

இனிச் சமையல். சீனச்சட்டியை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் இல்லாமல் ஒன்றரைக் கிண்ணம் அன்னாசித் துண்டுகளைப் போட்டு, ஓரம் பொன்னிறமாகிச் சாறு வற்றும் வரை புரட்டி எடுத்து வையுங்கள். பிறகு தேங்காய் எண்ணெய். இந்த ஊரில் வேறு எண்ணெய் தேட எனக்குக் காரணம் தெரியவில்லை. முந்திரியை வறுத்து எடுத்த அதே எண்ணெயில் பூண்டு, சின்ன உள்ளி, இரண்டு காந்தாரி மிளகாய். முட்டை வேண்டுமென்றால் ஓரமாக உடைத்து ஊற்றிக் கிளறலாம். மஞ்சள் தூளும் அரைத் தேக்கரண்டி கறித் தூளும் பொரிந்ததும் மூன்று கிண்ணம் ஆறிய சோறு, சிறிது சோயா சாஸ். தீயைக் குறைக்காதீர்கள். கடைசியில் அன்னாசி, முந்திரி, வெங்காயத்தாள். ஓட்டல்களில் பழத்தைக் குடைந்து அதற்குள் சோற்றை வைத்துத் தருவது கண்ணுக்குத்தான். வீட்டில் தட்டு போதும். டப்பாவில் சர்க்கரைப் பாகில் மிதக்கும் அன்னாசி வேண்டவே வேண்டாம்.

ஆறிய சோறு என்றேன். நாள் முழுதும் மேடையில் கிடந்த சோறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்து கொதிநீரிலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் முளைத்து நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி வதக்கினாலும் போகாது. வடித்ததும் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

குடுமியைக் குப்பையில் போட வேண்டாம். ஒட்டியிருக்கும் சதையை நீக்கி, அடி இலைகள் சிலவற்றை உரித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டுத் தொட்டியில் நடுங்கள். தண்ணீர் தேங்காத செம்மண்ணும் வெயிலும் இருந்தால் 18 முதல் 24 மாதத்தில் ஒரு பழம் தரும். அந்தச் செடி அதற்குமேல் காய்க்காது. பக்கத்தில் விடும் கன்றுகளைப் பிரித்து நட்டுக்கொள்ளலாம்.